சபையிற் பயின்ற தலைவர்: பெஞ்சமின் பிராங்கிளின்

வர்த்தகம் பயிலும் வாலிபர் கணக்கெழுதுவதையும் சரக்கின் விலை மதிப்பதையும் புத்தகங்களிலிருந்து கற்றுக்கொள்ளலாம். பத்துப்பேர் கூடிய சபையிலே தம் கருத்தை மற்றையோர் ஏற்குமாறு சொல்வதும், ஏற்காதவிடத்துப் பொறுத்திருப்பதும், பிறர் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் காட்டுவதும் அவ்வாறு கைவருவனவல்ல. இதனை உணர்ந்தே அமெரிக்காவிலுள்ள வர்த்தகக் கல்லூரிகள் பல இந்நாளில் தம் மாணவரைத் தருமஸ்தாபனங்களின் நிருவாக சபைகளில் இருந்து பழகுமாறு அனுப்புகின்றன. பெரும்பாலும் அம்மாணவருக்கு அங்கே வாக்குரிமை இல்லை. வேலை மட்டும் உண்டு. புதிய ஏற்பாடு போலத் தோன்றினும், ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அந்நாட்டில் ஓர் அச்சுத்தொழிலாளி தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட பாடமுறை இது.

பெஞ்சமின் பிராங்கிளின் 1706ஆம் ஆண்டு தை மாதம் 17ஆம் திகதி பொஸ்ரன் நகரிற் பிறந்தார். தந்தையார் மெழுகுதிரியும் சவர்க்காரமும் செய்து விற்றவர், பிள்ளைகளோ பதினேழுபேர். ஆதலாற் பத்து வயதுடன் பெஞ்சமினின் பள்ளிப்படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதிலே தமையனாரின் அச்சகத்திற் பயிலுநராய்ச் சேர்ந்தார். அங்கே அடியும் பூசலும் பொறுக்கமாட்டாமல் 1723இல் ஓடிப்போய்ப் பிலடெல்பியாவை அடைந்தார். பின்னர் இலண்டனிலும் சிலகாலம் தொழில் செய்து, 1726இல் மீண்டும் பிலடெல்பியாவுக்குத் திரும்பினார்.

மறு ஆண்டு, இருபத்தொரு வயதிலே, தம்மையொத்த தொழிலாளரைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். ‘ஜுன்ரோ’ என்பது அதன் பெயர். பத்திரங்களைப் பிரதி செய்பவர் ஒருவர், நில அளவையாளர் ஒருவர், செருப்புத் தைப்பவர் ஒருவர், தச்சர் ஒருவர், வர்த்தகர் ஒருவரிடம் எழுதுவினைஞராயிருந்த வில்லியம் கோல்மன் என இவ்வாறு சேர்ந்தவரே அதன் அங்கத்தவர்கள். வசதியுள்ள வீட்டுப்பிள்ளை என்று சொல்லத்தக்கவர் றொபேட் கிறேஸ் ஒருவரே. வெள்ளிக்கிழமை தோறும் மாலையிற் கூடுவார்கள். ஒவ்வொருவரும் முறைப்படி ஆராய்ச்சிக்குரிய வினாக்களைக் கொண்டுவர வேண்டும். மூன்று மாதத்துக்கொருமுறை தாமே எழுதிய கட்டுரையொன்றை வாசிக்கவும் வேண்டும். தான் சொல்வதே முடிந்த முடிபு என்று பேசுபவருக்கும், மற்றவரை முகத்துக்கு நேரே மறுப்பவருக்கும் சிறு தண்டப்பணம் உண்டு! இவ்விதியை நம் நாட்டுச் சங்கங்கள் சிலவற்றிலே நடைமுறைப்படுத்தினாற் கட்டடநிதி விரைவில் நிறைந்துவிடும். கணிதத்தில் வல்லவரான தோமஸ் கொட்பிறி எந்தப் பேச்சிலும் அணுவளவு பிசகையும் பொறுக்கமாட்டாதவர். அவர் விரைவிலேயே விலகிக்கொண்டார். ஏனையோர் நெடுங்காலம் கூடியிருந்தனர்.

இச்சங்கத்தாற் பிராங்கிளினுக்கு ஊதியமும் இல்லாமற் போகவில்லை. அச்சுவேலைகளை அங்கத்தவர்கள் தேடிக் கொடுத்தார்கள். கூட்டாளி தொழிலை விட்டுப் போனபோது, அச்சகம் கடனில் மூழ்காதபடி பணம் கொடுத்துதவியவர்கள் கோல்மனும் கிறேசுமே. பொதுப்பணியிற் புகுபவனுக்குத் தன் தொழிலும் வளரலாம் என்பதை அவர் ஒருபோதும் மறைத்தாரில்லை. அதனை மறைத்துத் தியாகி வேடம் பூணுவோரிலும் இவர் நேர்மையாளர் என்றே தோன்றுகிறது.

1731இல் அவர் ஒரு நூல்நிலையத்தைத் தொடங்கினார். ஐம்பது பேரிடம் முதலில் நாற்பது சிலிங்கும், பின் ஆண்டுதோறும் பத்துச் சிலிங்கும் பெறுவது திட்டம். கையொப்பம் கேட்டு வீடுவீடாய்ச் சென்றபோதுதான் அவர் ஓர் உண்மையைக் கண்டார். ஒரு நற்காரியத்தைத் தன் காரியமாகச் சொல்பவன் அதனாற் புகழடையப்போகிறான் என்று அயலார் நினைத்தால், அவர்களுக்குக் கை நீளாது. அதன்பின் தம்மை மறைத்துக்கொண்டு, வாசிப்பிற் பற்றுள்ள நண்பர் சிலரின் யோசனை இது என்று சொல்லிப் போனார். காரியம் இலகுவாயிற்று. நூலகர் ஊரைவிட்டுப் போனபோது, மூன்று மாதம் வரை அவ்வேலையையும் தாமே பார்த்தார்.

1736இல் தீயணைக்கும் தொண்டர் கூட்டமொன்றை ஏற்படுத்தினார். அங்கத்தவர் ஒவ்வொருவரும் தோல் வாளிகளை ஆயத்தமாய் வைத்திருக்க வேண்டும். மாதக் கூட்டத்துக்கு வராதவரின் தண்டப்பணத்திலிருந்தே ஏணிகளும் நீரிறைக்கும் இயந்திரமும் வாங்கப்பட்டன. மறு ஆண்டு அவர் நகரத் தபாலதிபரானார். 1748இல், நாற்பத்திரண்டாம் வயதிலே, அச்சகத்தைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டுத் தொழிலினின்றும் ஓய்ந்தார்.

அவருடைய சபைப் பயிற்சி முற்றிப் பழுத்ததை வைத்தியசாலை விஷயத்திற் காணலாம். வறிய நோயாளருக்கென ஒரு வைத்தியசாலை வேண்டுமென்று முதலில் எண்ணியவர் தோமஸ் பொண்ட் என்னும் வைத்தியர். அவர் பணம் கேட்டுப் போனவிடமெல்லாம், பிராங்கிளினிடம் இதைக் கலந்தீரா என்ற கேள்வியே எழுந்ததாம். பிராங்கிளின் முன்வந்தார். சட்டசபையிலே நாட்டுப்புறப் பிரதிநிதிகள், இது நகரத்தாருக்கே பயன்படும் என்றும், நகரத்தாரே பணம் கொடுப்பார்களோ என்பது ஐயம் என்றும் தடுத்தனர். அவர் ஒரு நிபந்தனையோடு மசோதாவை வரைந்தார். மக்கள் 2,000 பவுண் சேர்த்தால் அரசாங்கமும் 2,000 பவுண் கொடுக்க வேண்டும், சேர்க்காவிடில் ஒன்றுமில்லை. பணம் சேராது என்றிருந்தவர்களும், செலவின்றிப் புண்ணியம் கிடைக்கிறதென்று இசைந்தார்கள். மக்களிடம் போனபோதோ, நீங்கள் கொடுப்பது இரட்டிப்பாகும் என்பதே பேச்சாயிற்று. பணம் குறித்த தொகைக்கு மேலேயே சேர்ந்தது. 1751இல் நிருவாக சபை கூடியபோது, இத்தனையும் செய்தவர் ஏற்ற பதவி எழுதுவினைஞர் பதவி. தலைவரானது நான்காண்டின் பின், 1755இல்.

எல்லாச் சபையிலும் அவருக்கு வெற்றியே கிடைத்ததென்று கொள்ளற்க. 1749இல் இளைஞருக்கான கல்விச்சாலை ஒன்றுக்கு இருபத்துநான்கு தருமகர்த்தர் சேர்ந்தபோது பிராங்கிளினையே தலைவராக்கினர். ஆங்கிலமும் தொழிலுக்குதவும் கல்வியும் முதன்மை பெற வேண்டுமென்பது அவர் விருப்பம். செல்வர் பலருக்கோ இலத்தீன் மேலேயே நாட்டம். 1756இல் அவரை நீக்கிவிட்டு வேறொருவரைத் தலைவராக்கினர். அவர் தருமகர்த்தராய்த் தொடர்ந்தும் இருந்தார். மனக்காயமோ முதுமையிலும் ஆறவில்லை. அக்கல்விச்சாலையே பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமாயிற்று. 1881இல் அங்கே நிறுவப்பட்ட உவார்ட்டன் வர்த்தகக் கல்லூரி இன்று உலகப் பிரசித்தி பெற்றது.

1776இல் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த ஐவருள் ஒருவராயும், 1778இல் பிரான்சுடன் உடன்படிக்கை செய்தவராயும், 1787இல் எண்பத்தொரு வயதில் அரசியலமைப்புச் சபையில் அமர்ந்தவராயும் அவரை உலகம் அறியும். அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் அடிமைகள் இருந்தனர். அவர் பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களால் ஊதியம் பெற்றது. அத்தனை சங்கங்களை அமைத்தவர் நெடுங்காலம் இதனைக் காணாதவர்போல் இருந்தது பெருங்குறையே. 1787இல் அடிமை ஒழிப்புச் சங்கமொன்றின் தலைமையை ஏற்றார். 1790 மாசியில் அடிமை முறையை ஒழிக்குமாறு காங்கிரசுக்குச் சென்ற மனுவில் அவர் கையொப்பம் இருந்தது. தமக்கு அவ்வதிகாரம் இல்லை என்று அவர்கள் ஒதுக்கிவிட்டனர். சித்திரை 17ஆம் திகதி அவர் காலமானார்.

அவருடைய மரணசாதனத்திலே பொஸ்ரனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தனித்தனியே 1,000 பவுண் இருந்தது. இருபத்தைந்து வயதுக்குட்பட்ட, தொழில் பயின்று முடித்த, விவாகமான வாலிபருக்கு அதனை ஐந்து வீத வட்டிக்குக் கடன் கொடுத்து, இருநூறு ஆண்டு பெருகவிட வேண்டும் என்று விதித்தார். தவணை 1990இல் முடிந்தபோது பொஸ்ரனின் பங்கு நாற்பது இலட்சம் டொலரைக் கடந்திருந்தது. இளமையில் இரு நண்பர் கொடுத்த கடனே தம் செல்வத்துக்கு அத்திவாரமென்று அச்சாதனத்திலே அவர் எழுதியிருக்கிறார். கடன் கேட்டு வரும் ஒவ்வொரு வாலிபனுக்கும் ஊரில் மதிப்புள்ள இருவர் பிணை நிற்க வேண்டுமென்பதும் அதிலுள்ள நிபந்தனை.