சக்கரத்தைச் சமன் செய்த அல் ஜஸரி

தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் வளாகத்திலும் குரோம்பேட்டை, பல்லாவரம் பட்டறைகளிலும் ஃபிட்டராக வேலை பார்க்கும் நம் சகோதரர்களுக்குக் கப்ளிங் பொருத்துவது பழகிய வேலை. மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். மோட்டாரின் காலடியில் ஷிம் தகடு செருகி உயரத்தைச் சரிக்கட்டுவார்கள். மயிரிழை விலகினாலும், கப்ளிங்கின் ஒரு பக்கம் கனம் கூடினாலும் இயந்திரம் அதிரும், பேரிங் சூடேறும். பிறகு ஒருநாள் வேலையே நின்றுபோகும். பள்ளிவாசலில் இவர்களை யாரும் அறிஞர் என்று அழைப்பதில்லை. ஆனால் இவர்களின் தொழிலுக்கு ஒரு மூத்த உஸ்தாத் உண்டு. அவர் இஸ்மாயீல் அல் ஜஸரி.

யூப்ரடீஸ், டைக்ரிஸ் நதிகளுக்கு இடைப்பட்ட அல் ஜஸீரா பகுதிதான் அவர் பெயரில் ஒட்டியிருக்கிறது. ஸலாஹுத்தீன் அய்யூபி 1183இல் ஆமித் நகரை வென்று அர்துகிய மன்னரிடம் ஒப்படைத்தார். இன்றைய துருக்கியின் தியார்பக்ர் அது. அந்த அரச குடும்பத்திடம் சுமார் 25 ஆண்டுகள் பொறியாளராக இருந்தவர் அல் ஜஸரி. மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூத் கேட்டுக்கொண்டதால் தம் வேலைகளை நூலாக்கினார். 50 கருவிகளை விவரிக்கும் அந்நூல் ஹிஜ்ரி 602, அதாவது கி.பி. 1206இல் நிறைவுற்றது. இல்மையும் பயனுள்ள அமலையும் ஒன்றுசேர்ப்பது என்பதே அதன் பெயரின் கருத்து.

அந்த அமல்தான் நம்மை வியக்க வைக்கிறது. பெரிய கப்பிச் சக்கரத்தைப் பொருத்துமுன் அதைச் சமன் செய்யும் முறையை எழுதி வைத்தவர்களில் நாம் அறிந்த முதல்வர் அவரே. தடையின்றிச் சுழலும்படி வைத்த சக்கரத்தில் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். கனத்தைச் சரிசெய்து, எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும்வரை விடக்கூடாது. இன்றும் பட்டறையில் ஸ்டேடிக் பேலன்சிங் என்பது இதுதான். மரம் முறுக்கிக் கோணாமலிருக்கப் பல அடுக்குகளாக ஒட்டினார். வால்வின் இரு பாகங்களையும் எமரித் தூள் இட்டு ஒன்றோடொன்று தேய்த்து, நீர் கசியாதபடி இழைத்தார். நீர்ச் சக்கரத்தால் ஓடும் அவருடைய இரட்டை உருளை பம்பில் சுழற்சி முன்பின் அசைவாக மாறி, பிஸ்டன்களை மாறி மாறித் தள்ளியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மில் சிலர் எல்லா இயந்திரத்தையும் அவர் தலையில் ஏற்றி எழுதுகிறார்கள். இன்றைய கப்ளிங்கை அவர் செய்யவில்லை. அவரோ அப்படியில்லை. பனூ மூஸா சகோதரர்களையும் ஆர்க்கிமிடிஸையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். முன்னோர் சொன்னதையும் தாமே செய்து பார்க்காமல் ஏற்கவில்லை.

நூல் முடிந்த 1206ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்ததாகக் கூறப்படுகிறது. டொனால்ட் ஹில் 1974இல் அந்நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். ஈராண்டு கழித்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய நீர்க்கடிகாரத்தை நூலில் உள்ளபடி மீண்டும் செய்தார்கள். அது ஓடியது.