கடலில் மீன்களை விதைக்க முனைந்த ஆணையர்: ஸ்பென்சர் பெயர்டின் வாழ்க்கை வரலாறு

கடலில் மீன்வளம் குறைந்தால் அரசு என்ன செய்ய வேண்டும்? வலைகளைக் கட்டுப்படுத்த வேண்டுமா, பொரிப்பகங்களில் குஞ்சுகளை உருவாக்கிக் கடலில் விட வேண்டுமா? ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்னர் இக்கேள்வியை எதிர்கொண்டவர் அமெரிக்க இயற்கை அறிவியலாளர் ஸ்பென்சர் ஃபுல்லர்டன் பெயர்ட். முதலில் கட்டுப்பாட்டைப் பரிந்துரைத்த அவர், சில ஆண்டுகளிலேயே பொரிப்பகங்களின் முதன்மை ஆதரவாளராக மாறினார். அவர் தலைமையேற்ற அரசு ஆணையத்தின் வழிமுறைகளைப் பல நாடுகள் பின்பற்றின. அவர் விட்டுச்சென்ற கேள்விக்கு இன்றும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

பறவைகளில் தொடங்கிய ஆர்வம்

பென்சில்வேனியா மாநிலத்தின் ரெடிங் நகரில் 1823-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி பெயர்ட் பிறந்தார். வழக்கறிஞரான அவருடைய தந்தை 1833-இல் காலரா நோயால் உயிரிழந்தார். அப்போது பெயர்டுக்கு வயது 10. அதன் பின்னர் குடும்பம் கார்லைல் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள டிக்கின்சன் கல்லூரியில் பயின்ற அவர் 1840-இல் பட்டம் பெற்றார்.

அண்ணன் வில்லியமுடன் காடு மேடுகளில் அலைந்து பறவைகளைச் சேகரிப்பதே இளமையில் அவருடைய பொழுதுபோக்காக இருந்தது. 1841-இல் பென்சில்வேனியாவின் மலைப்பகுதிகளில் 21 நாள்களில் சுமார் 400 மைல் தொலைவை அவர் நடந்தே கடந்தார். புகழ்பெற்ற பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபானுடன் ஏற்பட்ட கடிதத் தொடர்பு நெருங்கிய நட்பாக வளர்ந்தது. மருத்துவக் கல்வியைத் தொடங்கிய பெயர்ட் அதைப் பாதியிலேயே கைவிட்டார். பின்னர் டிக்கின்சன் கல்லூரியிலேயே இயற்கை வரலாற்றுப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். 1846-இல் மேரி ஹெலன் சர்ச்சிலை மணந்தார்.

1850-இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் துணைச் செயலராக அவர் நியமிக்கப்பட்டார். அவருடைய சொந்தச் சேகரிப்புகளைக் கொண்டு செல்ல இரண்டு ரயில் சரக்குப் பெட்டிகள் தேவைப்பட்டன. ராணுவ அதிகாரிகள், நில அளவையாளர்கள், பயணிகள் என நாடு முழுவதும் தொடர்பு வலைப்பின்னல் ஒன்றை உருவாக்கி, உயிரின மாதிரிகளை அவர் குவித்தார். அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகம் இச்சேகரிப்புகளின் மீதே எழுந்தது. 1878-இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலராக அவர் உயர்ந்தார்.

கடற்கரையில் எழுந்த புகார்

1860-களின் இறுதியில் மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் மாநிலங்களின் கடற்கரையில் மீனவர்களிடையே கடும் மோதல் நிலவியது. ஸ்கப் உள்ளிட்ட கரையோர மீன்கள் வேகமாகக் குறைந்து வருவதாகத் தூண்டில் மீனவர்கள் முறையிட்டனர். கரையோரத்தில் கம்பங்களை நட்டு நிலையாகக் கட்டப்பட்ட பெரிய பொறிவலைகளே இதற்குக் காரணம் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. பொறிவலை உரிமையாளர்கள் இதை மறுத்தனர். கடலின் வளம் வற்றாதது என்ற நம்பிக்கை அக்காலத்தில் அறிவியலாளர்களிடையேகூட வலுவாக இருந்தது.

நடுநிலையான ஆய்வு தேவை எனப் பெயர்ட் நாடாளுமன்றத்தை வலியுறுத்தினார். அதன்படி 1871 பிப்ரவரி 9-ஆம் தேதி அமெரிக்க மீன்வள ஆணையம் உருவாக்கப்பட்டது. ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் ஒருவரே கூடுதல் ஊதியமின்றி ஆணையராகப் பணியாற்ற வேண்டும் எனச் சட்டம் வரையறுத்தது. அப்பொறுப்பு பெயர்டிடமே வந்தது. ஆணையத்தின் அலுவலகப் பணிகளின் ஒரு பகுதி பல ஆண்டுகள் வாஷிங்டனில் உள்ள அவருடைய வீட்டிலேயே நடைபெற்றது.

அந்த ஆண்டு கோடையில் வுட்ஸ் ஹோல் என்ற கடலோரச் சிற்றூரில் அவர் முகாமிட்டார். இருதரப்பு மீனவர்களையும் நேரில் விசாரித்து வாக்குமூலங்களைப் பதிவு செய்தார். கடல்நீரின் வெப்பநிலை, மீன்களின் உணவு, முட்டையிடும் காலம் ஆகியவற்றையும் அவருடைய குழுவினர் ஆராய்ந்தனர். மீன்வளம் குறைந்திருப்பது உண்மையே என்பது அவருடைய முடிவு. முட்டையிட வரும் மீன்களைப் பொறிவலைகள் கரையோரத்திலேயே வளைத்துப் பிடிப்பதை முக்கியக் காரணங்களுள் ஒன்றாக அவர் குறிப்பிட்டார். அப்பருவத்தில் வாரந்தோறும் சில நாள்கள் பொறிவலைகளை மூடிவைக்க வேண்டும் என்ற சமரசத் திட்டத்தை அவர் முன்வைத்தார். ஆனால் மாநிலங்கள் அதைச் சட்டமாக்கவில்லை.

கட்டுப்பாட்டிலிருந்து பொரிப்பகத்துக்கு

1872-இல் மீன் வளர்ப்பாளர் சங்கத்தின் கோரிக்கையை ஏற்று, மீன்குஞ்சு உற்பத்திக்காக நாடாளுமன்றம் 15,000 டாலர் ஒதுக்கியது. ஆய்வுக்காகத் தொடங்கப்பட்ட ஆணையம் உற்பத்தியிலும் இறங்கியது. கட்டுப்பாடு விதித்தால் எவரேனும் பாதிக்கப்படுவர். குஞ்சுகளை விடுவதால் எவருக்கும் இழப்பில்லை. அரசியல்வாதிகளுக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் இவ்வழி உவப்பானதாக அமைந்தது.

அதே ஆண்டு லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்ற மீன் வளர்ப்பு வல்லுநரைக் கலிஃபோர்னியாவின் மெக்லவுட் ஆற்றுக்குப் பெயர்ட் அனுப்பினார். சால்மன் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்குத் திரும்பும் இனம். அவ்வாறு திரும்பிய பெண் மீன்களின் வயிற்றை அழுத்தி முட்டைகளை எடுத்து, ஆண் மீனின் விந்துடன் கலந்து கருவுறச் செய்தனர். பின்னர் பாசியில் பொதிந்து, குளிர்ச்சி குறையாமல் ரயிலில் கிழக்குக் கடற்கரைக்கு அனுப்பினர். அணைகளாலும் மாசுபாட்டாலும் சால்மன் அருகிப்போன அட்லாண்டிக் ஆறுகளைப் பசிபிக் சால்மனால் நிரப்புவதே திட்டம். பசிபிக் கடற்கரையின் முதல் சால்மன் பொரிப்பகமான அந்நிலையத்துக்குப் பின்னர் பெயர்டின் பெயரே சூட்டப்பட்டது. அந்த ஆற்றின் பழங்குடியினரான வினமெம் வின்டு மக்கள், ஸ்டோனின் வருகையைத் தொடக்கத்தில் எதிர்த்தனர். பின்னர் அவர்களுள் பலர் அந்நிலையத்திலேயே பணிபுரிந்தனர்.

1875-இல் கொலம்பியா ஆற்றின் சால்மன் வளத்தைக் காப்பது குறித்து ஒரிகன் பகுதியிலிருந்து பெயர்டிடம் ஆலோசனை கோரப்பட்டது. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு, அணைகள், ஆற்றுச்சூழல் சிதைவு ஆகிய மூன்றையும் ஆபத்துகளாக அவர் சரியாகவே அடையாளம் கண்டார். ஆயினும் தடைச் சட்டங்களை நடைமுறைப்படுத்துவது கடினம் எனக் கருதினார். அதற்குப் பதிலாக 15,000 முதல் 20,000 டாலர் வரை பொரிப்பகத்தில் முதலீடு செய்தால், பாதுகாப்புச் சட்டங்களே தேவைப்படாத அளவுக்கு மீன் பெருகும் என அறிவுரை வழங்கினார். பெயர்டின் வாழ்வில் மிக நீண்ட விளைவை ஏற்படுத்திய முடிவு இதுவே எனலாம். 1877-இல் அப்பகுதியின் முதல் பொரிப்பகம் கிளாக்கமஸ் ஆற்றில் தொடங்கப்பட்டது.

ரயிலேறிய மீன்கள்

மீன்களை நாடு முழுவதும் இடம் மாற்றும் பணியும் தீவிரமாக நடைபெற்றது. 1873-இல் மீன்களுடன் மேற்கு நோக்கிச் சென்ற ரயில் பெட்டி நெப்ராஸ்காவின் எல்க்ஹார்ன் ஆற்றில் கவிழ்ந்தது. அதில் பயணித்த ஸ்டோன் உயிர் தப்பினார். மீன்கள் ஆற்றோடு போயின. அட்லாண்டிக் இனமான ஷாட் மீன்கள் பசிபிக் ஆறுகளில் விடப்பட்டு நிலைபெற்றன. 1879-இல் நியூஜெர்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட 130-க்கும் மேற்பட்ட வரிக்கொடுவா மீன்கள் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் விடப்பட்டன. அவையும் சில ஆண்டுகளில் பெருகின. மறுபுறம், 1877-இல் ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பட்ட கெண்டை மீன்கள் பின்னாளில் நன்னீர் நிலைகளில் பெரும் தொல்லையாக மாறின. கிழக்குக் கடற்கரை ஆறுகளில் விடப்பட்ட பசிபிக் சால்மன் குஞ்சுகளோ எங்கும் நிலைபெறவில்லை.

கடல்மீன்களும் விட்டுவைக்கப்படவில்லை. 1878-79 குளிர்காலத்தில் குளோஸ்டர் துறைமுகத்தில் காட் மீனின் முட்டைகளைப் பொரிக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. மிதக்கும் பொரிப்பகமாக ஃபிஷ் ஹாக் என்ற கப்பல் கட்டப்பட்டது. ஆழ்கடல் ஆய்வுக்காக ஆல்பட்ராஸ் கப்பல் 1882-இல் கடலில் இறக்கப்பட்டது. 1885-இல் வுட்ஸ் ஹோலில் நிரந்தர ஆய்வகமும் பொரிப்பகமும் அமைந்தன.

பெயர்டின் புகழ் கடல் கடந்தது. 1880-இல் பெர்லினில் நடைபெற்ற சர்வதேச மீன்வளக் கண்காட்சியில் ஜெர்மானியப் பேரரசரின் உயரிய பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஜப்பான் அதிகாரி ஒருவர் 1886-இல் அமெரிக்கப் பொரிப்பகங்களை நேரில் பார்வையிட்டுச் சென்றார். அதன் தொடர்ச்சியாக 1888-இல் ஹொக்கைடோ தீவின் சிட்டோசே பகுதியில் பொரிப்பகம் உருவானது.

ஓய்வறியாப் பணியால் பெயர்டின் உடல்நலம் சீர்குலைந்தது. 1887 ஆகஸ்ட் 19-ஆம் தேதி வுட்ஸ் ஹோலிலேயே தமது 64-ஆவது வயதில் அவர் காலமானார்.

எண்ணப்படாத கணக்கு

பெயர்டின் மறைவுக்குப் பின்னரும் காட் பொரிப்புத் திட்டம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கான குஞ்சுகள் கடலில் விடப்பட்டன. எத்தனை குஞ்சுகள் விடப்பட்டன என்பதை அறிக்கைகள் பெருமையுடன் பதிவு செய்தன. அவற்றுள் எத்தனை மீனாக வளர்ந்து வலைக்கு வந்தன என்பதைக் கணக்கிட வழியில்லை.

பெரிய பெண் காட் மீன் ஒன்றே ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டைகளை இடும். பொரித்த சில நாள்களிலேயே விடப்படும் குஞ்சுகளில் மிகப் பெரும்பாலானவை இரையின்றியோ பிற உயிர்களுக்கு இரையாகியோ மடியும். எனவே பொரிப்பகத்தின் ஓராண்டு உற்பத்தி, இயற்கையில் முட்டையிடும் மீன்கூட்டத்துடன் ஒப்பிடுகையில் கடலில் கரைத்த பெருங்காயமே. அமெரிக்கா 1950-களின் தொடக்கத்தில் இம்முயற்சியைக் கைவிட்டது. நார்வேயின் ஃப்ளோடெவிகன் நிலையம் 1884 முதல் 1971 வரை காட் குஞ்சுகளை விட்டுவந்தது. மீன்வளம் அதனால் பெருகியதாக உறுதிசெய்ய முடியவில்லை.

கொலம்பியா ஆற்றில் சினூக் சால்மன் பிடிப்பு 1883-இல் உச்சத்தை எட்டி, பின்னர் சரிந்தது. பொரிப்பகங்கள் பெருகின, அணைகளும் பெருகின. இன்று அந்த ஆற்றுப் படுகையின் 13 சால்மன், ஸ்டீல்ஹெட் இனக்கூட்டங்கள் அழிவு அபாயப் பட்டியலில் உள்ளன. அதே ஆற்றில், வந்தேறியான ஷாட் மீன்கள் லட்சக்கணக்கில் நீந்துகின்றன.

எனினும் பொரிப்பகங்கள் எல்லா இடங்களிலும் தோற்றுவிடவில்லை. குஞ்சுகளுக்கு உணவளித்து, ஓரளவு வளர்ந்த பின்னர் விடும் முறையால் ஜப்பானில் சால்மன் வரத்து 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பன்மடங்கு உயர்ந்தது. எந்த இனம், எந்த வயது, எந்தச் சூழல் என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது என்பது இவற்றிலிருந்து புலனாகிறது.

இந்தியாவிலும் இம்முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஷாட் மீனின் உறவினமான ஹில்சாவைச் செயற்கையாகப் பொரிக்கும் சோதனை, சென்னை மாகாண மீன்வளத் துறையால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொள்ளிடம் கீழணையில் மேற்கொள்ளப்பட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம், பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இறால் குஞ்சுகளை விட்டுவருகிறது.

மெக்லவுட் ஆற்றில் பெயர்டின் பெயர் தாங்கிய நிலையம் இருந்த இடம் இன்று சாஸ்தா அணை நீர்த்தேக்கத்தின் அடியில் மூழ்கிக் கிடக்கிறது. 1940-களில் எழுந்த அந்த அணை, சால்மன்களின் வழியை முற்றிலுமாக அடைத்தது. 2022-இல் அரசுத் துறைகளும் வினமெம் வின்டு மக்களும் இணைந்து சுமார் 40,000 சால்மன் முட்டைகளை மீண்டும் அந்த ஆற்றுக்குக் கொண்டு சென்றனர். அம்முட்டைகள் வந்த பொரிப்பகத்துக்கு லிவிங்ஸ்டன் ஸ்டோனின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அழிவின் விளிம்பில் உள்ள ஓர் இனத்தைக் காப்பாற்ற இன்று பொரிப்பகமே துணை நிற்கிறது. ஆனால் ஆற்றின் வழி திறக்காதவரை அந்தத் துணை போதுமானதாக இராது. 1871-இல் வுட்ஸ் ஹோல் கடற்கரையில் மீனவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தபோது பெயர்ட் கண்டறிந்த உண்மையும் இதற்கு நெருக்கமானதே.