டாக்டர் ரிச்சர்டு ஷோப்

ஒரே கொட்டிலிற் புகுந்த ஒரே நோய், ஓர் உயிரை மாய்த்து மற்றோர் உயிரை வாளா தொட்டுச் செல்வது ஏன்? வயதே காரணம் எனக் கூறி அமைதல் எளிது. வயது எவ்வாறு காரணமாகின்றதெனக் கண்டறிதலே அரிது. அவ்வழியைத் திறந்த அறிஞருள் ஒருவராகிய டாக்டர் ரிச்சர்டு ஷோப் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க வரைவாம்.

இவர் 1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த அயோவா மாகாணத்து டெமாய்ன் நகரிலே ஒரு மருத்துவரின் மைந்தராய்த் தோன்றினார். பன்றி வளர்ப்பிற் பெயர்பெற்றது அம்மாகாணம். 1924-இல் அயோவாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, மறுவாண்டில் பிரின்ஸ்டனிலிருந்த ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் விலங்கு நோய்ப் பகுதியில் அமர்ந்தார்.

1918-ஆம் ஆண்டில் இன்புளுயன்ஸா உலகெங்கும் பரவிக் கோடிக்கணக்கான மக்களைக் கொள்ளை கொண்டதனை யாவரும் அறிவர். வழக்கமாகக் குழந்தைகளையும் முதியோரையுமே வாட்டும் அந்நோய், அவ்வாண்டில் இருபது முதல் நாற்பது வயதினரையும் பெருந்தொகையாக வீழ்த்தியது. அதே இலையுதிர் காலத்தில் அயோவாவின் பன்றிகளும் இருமலுங் காய்ச்சலுமாய்த் துவண்டன. இரண்டும் ஒரே நோயென்று கோயென் என்னும் கால்நடை மருத்துவர் கூறினார். பலர் அதனை ஏற்றிலர்.

பத்தாண்டு கழித்துத் தம் தாயகஞ் சென்ற ஷோப் அந்நோயைக் கண்ணுற்றார். அவருடன் உழைத்த பேராசிரியர் பால் லூயிஸ், 1929-இல் பிரேசில் நாட்டிலே மஞ்சட் காய்ச்சலை ஆராயுங்கால் அந்நோய்க்கே இரையாயினார். ஷோப் மனந்தளராது தம் பணியைத் தொடர்ந்தார். நோயுற்ற பன்றியின் சளியை நுண்ணிய வடிகட்டியிற் செலுத்தி, வடிந்த நீரை நலமுள்ள பன்றியின் மூக்கிலிட்டார். எளிய காய்ச்சலே கண்டது. அந்நீரோடு பன்றியின் மூச்சுக்குழாயில் வாழும் ஒரு பாக்டீரியத்தையும் சேர்த்திட, நோய் கொடிதாயிற்று. வைரஸ் வழிதிறக்கப் பாக்டீரியம் உட்புகுந்து கேடு விளைத்தலை 1931-இல் வெளியிட்டார். இரண்டாண்டிற்குப் பின் லண்டன் அறிஞர் மனிதரின் இன்புளுயன்ஸா வைரஸைப் பெரட் என்னும் விலங்கிற் கண்டெடுத்தற்கு இஃது ஊக்கமளித்தது.

இவர் செய்தவற்றுள் நாம் பெரிதும் வியப்பது 1936-ஆம் ஆண்டின் ஆராய்ச்சியே. பல வயதினரின் குருதிநீரைப் பன்றி வைரஸுடன் கலந்து சுண்டெலிகளிற் சோதித்தார். பன்னிரண்டு வயதிற்கு மேற்பட்டோரின் குருதிநீர் வைரஸை அடக்கிற்று. அதற்குட்பட்ட சிறாரின் குருதிநீர் பெரும்பாலும் அடக்கவில்லை. 1918-இன் நோயை அறியாதார் அச்சிறார். அந்நோயின் வைரஸே பன்றிகளிடம் எஞ்சியுள்ளதென ஷோப் துணிந்தார். ஆகவே வயதென்பது உடலின் வளர்ச்சியும் தளர்ச்சியும் மாத்திரமன்று. உடல் முன்னர் எதிர்கொண்ட பகைவரின் கணக்குமாம். பன்றிக்குட்டியிடத்தும் இவ்வுண்மையைக் காணலாம். கருப்பையில் தாயிடமிருந்து காப்புப் பெறாத குட்டி, பிறந்தவுடன் அருந்தும் சீம்பாலாலேயே அதனைப் பெறுகின்றது. தாய் அந்நோயை முன்னரே அறிந்திருந்தால் குட்டிக்குச் சில வாரம் காவலுண்டு. அறியாதிருந்தால் அக்காவலும் இல்லை.

முயல்களுக்குக் கட்டியுண்டாக்கும் வைரஸைக் கண்டதும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடா நாட்டுத் தீவொன்றில் மாடுகளின் வெக்கை நோய்க்குத் தடுப்பு மருந்து ஆக்கியதும் இவர்தம் பிற பணிகள். 1966-ஆம் ஆண்டில் இவர் மறைந்தார்.

இவர் கருத்து இவருக்குப் பின்னரே முழுவலிமை பெற்றது. 1918-இன் வைரஸ் பன்றி வைரஸுக்கு நெருங்கிய உறவினதென்பது, 2005-இல் முற்றுப்பெற்ற மரபணு ஆராய்ச்சியால் விளங்கிற்று. 2009-இல் பன்றி வழி வந்த புதிய இன்புளுயன்ஸா பரவியபொழுது, இளையோரே மிகுதியாக நோயுற்றனர். முதியோர் பலரின் குருதியிலோ இளமையிற் பெற்ற பழங்காப்பு நிலைத்திருந்தது. பன்றிக் கொட்டிலையும் இழிவென்றெண்ணாது அங்கே உண்மையைத் தேடிய இப்பெரியாரின் பொறுமையை, விஞ்ஞானம் பயிலும் நம் மாணவர் போற்றிக் கைக்கொள்வாராக.