பார்வை தந்த டாக்டர் ஹாலோஸ்

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் வேவ் ஹில் என்றொரு பெரிய மாட்டுப் பண்ணை. அங்கு வேலை பார்த்த பூர்வகுடித் தொழிலாளர்கள், நியாயமான கூலியும் பாட்டன் பூட்டன் நிலமும் கேட்டு 1966-ல் வெளியேறினார்கள். 1968-ல் அவர்களது முகாமுக்குச் சென்ற கண் டாக்டர் பிரெட் ஹாலோஸ் திடுக்கிட்டார். குழந்தை முதல் கிழவர் வரை டிரக்கோமா! பணக்கார நாடுகளை விட்டு எப்போதோ ஒழிந்ததாகக் கருதப்பட்ட வியாதி அது.

டிரக்கோமா ஒரு தொற்றுநோய். கை, துணி, ஈ மூலம் பரவும். சிறு வயதில் திரும்பத் திரும்பத் தொற்றினால் இமையின் உட்புறம் தழும்பாகி, ரோமங்கள் உள்ளே மடங்கி, விழியை உராய்ந்து உராய்ந்து பார்வையைக் கெடுத்துவிடும். நெருக்கடியான குடியிருப்பும் முகம் கழுவத் தண்ணீர் இல்லாததுமே அதற்கு உரம். மருந்து மட்டும் கொடுத்து என்ன பயன்?

ஹாலோஸ் 1929-ல் நியூஜிலாந்தில் பிறந்தவர். பாதிரியாராக எண்ணி, பின்பு மருத்துவம் படித்தவர். 1965 முதல் சிட்னியில் பணி. முரட்டுப் பேச்சுக்காரர்.

1971-ல் சிட்னியின் ரெட்பர்ன் பகுதியில் பூர்வகுடித் தலைவர்கள் தங்கள் மக்களுக்காகத் தாங்களே நடத்தும் மருத்துவ நிலையத்தைத் தொடங்கியபோது ஹாலோஸ் துணை நின்றார். நாட்டில் அதுவே முதலாவது. பிறகு, 1976 முதல் 1978 வரை, மத்திய அரசின் நிதியுடன் அவர் குழு பாலைவனக் குடியிருப்புகள் உட்பட 460-க்கும் மேற்பட்ட ஊர்களுக்குச் சென்று சுமார் ஒரு லட்சம் பேரின் கண்களைப் பரிசோதித்தது. கோர்டன் பிரிஸ்கோ போன்ற பூர்வகுடியினர் முன்னே சென்று ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எந்தக் குடிசையும் திறந்திராது. குழுவின் பூர்வகுடி ஊழியர் இருவர் அரசியல் செய்வதாகக் குயின்ஸ்லாந்து அரசு புகார் கூற, அம்மாநிலத்தில் பணி நின்றுபோனதும் உண்டு. வோட்டர் பட்டியலில் பெயர் சேர்த்தார்களாம்! அதுவும் ஒரு குற்றமா?

பூர்வகுடிகளின் ஆரோக்கியத்தில் அரசுக்கு அக்கறை போதவில்லை என்று, 1985-ல் அளிக்க முன்வந்த தேசிய விருதை ஹாலோஸ் மறுத்துவிட்டார். புரை நீக்கியபின் பொருத்தும் லென்சின் விலை ஏழைகளுக்கு எட்டாததால், எரித்ரியாவிலும் நேபாளத்திலும் அதை உள்ளூரிலேயே தயாரிக்க வழி தேடினார். புற்றுநோய் முற்றிய நிலையிலும் 1992-ல் வியட்நாம் சென்று டாக்டர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1993 பிப்ரவரி 10-ந் தேதி காலமானார். அஸ்மாராவிலும் காத்மாண்டுவிலும் லென்ஸ் தொழிற்சாலைகள் மறு வருஷம் திறக்கப்பட்டன.

அவர் உடல், ஒரு காலத்தில் அவர் சிகிச்சை அளித்து வந்த பர்க் என்ற உள்நாட்டுச் சிற்றூரில், அவரது விருப்பப்படியே அடக்கம் செய்யப்பட்டது.