கிண்டிக்குப் படிக்கப் போன லலிதா



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று எங்கள் எலக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட் சார் சொன்னபோது, நழுவத்தான் பார்த்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் என்ன எழுதுவோம்? பென்னிகுக்! அவரைப் பற்றி எழுத இந்த மலரிலேயே நாலு பேர் இருப்பார்கள். அதனால் நான் வேறொருவரைப் பிடித்துக்கொண்டேன். நம் நாட்டில் எஞ்சினியரிங் பட்டம் வாங்கிய முதல் பெண்களில் ஒருவர், லலிதா. எலக்ட்ரிக்கலில் இவர்தான் முதல்.

இவர் 1919 ஆகஸ்ட் 27-ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி எஞ்சினியரிங் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். அவ்வளவு படித்த வீட்டிலும் ஆண் பிள்ளைகளுக்கு எஞ்சினியரிங், பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்பதுதான் கணக்கு. லலிதாவுக்கு 15 வயசில் கல்யாணம் முடிந்தது. 1937-ல் கணவர் இறந்துபோனார். கையில் நாலு மாதப் பெண் குழந்தை. அப்போது இவருக்கு வயசு 18.

எனக்கும் இப்போது 18 தான். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் காலத்தில் விதவை என்றால் மூலையில் உட்கார வேண்டியதுதான். இவரோ படிக்கப் போனார். ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட், முதல் வகுப்பு. டாக்டருக்குப் படிக்கலாமா என்று யோசித்திருக்கிறார். ராத்திரி பகல் பார்க்காமல் ஓட வேண்டிய வேலை, குழந்தையை யார் பார்ப்பது? நேரத்துக்குப் போய் நேரத்துக்குத் திரும்புகிற வேலை வேண்டும் என்று எஞ்சினியரிங்கைத் தேர்ந்தெடுத்தார். நாமெல்லாம் மார்க் பார்த்து பிராஞ்ச் எடுத்தோம். அவர் குழந்தையைப் பார்த்து எடுத்திருக்கிறார்!

கிண்டி கல்லூரி 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியது. அதுவரை ஆண்கள் மட்டும்தான். அப்பா போய் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். கல்வி இயக்குநர் ஸ்டாதம் துரையும் சம்மதித்தார். 1940-ல் லலிதா சேர்ந்தார். நூற்றுக்கணக்கான பையன்களுக்கு நடுவில் ஒரே பெண். பையன்களால் தொந்தரவு எதுவும் இல்லையாம். ஹாஸ்டலில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாததுதான் கஷ்டம். குழந்தையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, வார விடுமுறைக்குப் போய்ப் பார்த்து வருவார். பிறகு லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இன்னும் இரண்டு பெண்கள் சிவிலில் சேர்ந்தார்கள். யுத்த காலம் என்பதால் படிப்பைச் சுருக்கி, மூவரையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பட்டதாரிகளாக்கி விட்டார்கள். சான்றிதழில் 'ஹீ' என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு 'ஷீ' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்களாம். நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் திரேசியா 1971-ல் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளரே ஆகிவிட்டார்.

படிப்பு முடிந்ததும் லலிதா ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பயிற்சி எடுத்தார். சிம்லாவில் கொஞ்ச காலம் வேலை. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. அங்கே டிரான்ஸ்மிஷன் லைன் டிசைன், சப்-ஸ்டேஷன் லேஅவுட் எல்லாம் அவர் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின் வேலையிலும் அவர் பங்கு உண்டு. லோயர் கேம்ப் பவர் ஹவுஸைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலையில் இறங்கும் தண்ணீர் கரண்டாகி ஊர் வந்து சேர, நடுவில் எத்தனை பேருடைய கணக்கு இருக்கிறது! 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் எஞ்சினியர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போய் வந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1977-ல் ஓய்வு, 1979 அக்டோபர் 12-ல் மறைவு. ஓய்வாக உட்கார அவருக்கு இரண்டு வருஷம்தான் கிடைத்தது.

இதை நான் வீட்டில் உட்கார்ந்து அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். கோம்பையில் எங்கள் வீட்டில் விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போகாத முதல் ஆள் நான். அம்மா போய் வருகிற கூலியில்தான் எனக்கு ஃபீஸ். எங்க அத்தை மகனுக்கு என்னைக் கேட்டு, இந்த வைகாசியிலேயே முடிச்சிரலாம்னு பேச்சு. படிச்சது போதும், பிள்ளைக்கு எதுக்கு மேல் படிப்புன்னு அத்தை கேட்க, அம்மா பதில் சொல்லாம இருந்தாங்க.

அம்மாச்சி முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. அந்தப் பச்சைப்பிள்ளையை யாரு பாத்துக்கிட்டா? அண்ணன் பொண்டாட்டி பாத்துக்கிட்டாங்க, அந்தப் பிள்ளையும் நல்லாப் படிச்சு டீச்சர் ஆயிருச்சு என்றேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றது. மறுநாள் அத்தை வீட்டுக்குத் தானே போய், ஆறாவது செமஸ்டர் முடியட்டும், அவ பி.இ.க்கு எழுதிப் போடணும்ங்கிறா, அதுக்கப்புறம் பேசுவோம்னு சொல்லிட்டு வந்துருச்சு. அத்தை இன்னும் எங்ககூடப் பேசவில்லை.

எனக்கு மெஷின்ஸ் பேப்பரில் ஒரு அரியர் இருக்கிறது. அதைத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.