எர்ன்ஸ்ட் அபே

எர்ன்ஸ்ட் அபே (ஜனவரி 23, 1840 – ஜனவரி 14, 1905) ஒரு ஜெர்மானிய இயற்பியலாளர் ஆவார். நுண்நோக்கியின் பிரிதிறனுக்கு எல்லை உண்டு என்பதை 1873இல் விளக்கியவர். பட்டகங்கள் கொண்ட இருகண் தொலைநோக்கியை (பைனாகுலர்) பரவலாக்கியவரும் இவரே.

ஐசனாக் நகரில் நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். கோட்டிங்கென் பல்கலைக்கழகத்தில் 1861இல் முனைவர் பட்டம் பெற்றார். 1866 முதல் ஜெனாவில் கார்ல் சைசின் பட்டறையுடன் இணைந்து பணியாற்றினார்.

பழைய கருவியும் புதிய கருவியும்

அக்காலத்து இருகண் தொலைநோக்கிகள் பெரும்பாலும் கலிலியோ முறையில் அமைந்தவை. கண்ணருகே குழிவில்லை இருந்ததால் உருவம் நேராகத் தெரிந்தது. ஆயினும் உருப்பெருக்கத்தைக் கூட்டினால் பார்வைப் புலம் மிகவும் சுருங்கிவிடும். குழிவில்லைக்குப் பதில் குவிவில்லையை வைத்தால் புலம் விரியும், உருவமோ தலைகீழாகும். இரு பட்டகங்களைக் கொண்டு அதை நிமிர்த்தலாம் என அபே கண்டார். ஒளி மடங்கிச் செல்வதால் குழாயின் நீளமும் குறைந்தது.

1873இல் செய்த மாதிரி வெற்றி பெறவில்லை. குறை கணக்கில் அன்று, கண்ணாடியில். போதிய தெளிவுள்ள கண்ணாடி அன்று கிடைக்கவில்லை. ஓட்டோ ஷாட் முதலியோருடன் 1884இல் ஜெனாவில் கண்ணாடி ஆலை நிறுவிய பின்னரே வழி பிறந்தது.

1893இல் காப்புரிமை கோரியபோது வேறொரு தடை எழுந்தது. இத்தகைய பட்டக அமைப்புக்கு இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். எனவே முன்வில்லைகளைக் கண்களின் இடைவெளியைவிட அகலமாக அமைத்து ஆழ உணர்வைக் கூட்டியதற்கு மட்டுமே அபேயின் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது. 1894இல் அது விற்பனைக்கு வந்தது. பட்டகத்துக்குப் போரோவின் பெயரே நிலைத்துவிட்டது. சிறிய உருப்பெருக்கமே போதுமான நாடக அரங்குகளில் பழைய வகையும் நீடித்தது.

சைசின் மறைவுக்குப் பின் 1889இல் கார்ல் சைஸ் அறக்கட்டளையைத் தொடங்கிய அபே, 1891இல் தம் பங்குகளை அதற்கு எழுதிவைத்தார். தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலை 1900இல் நடைமுறைக்கு வந்தது.