கனவில் எழுந்த தோட்டம்

1813-இல் லைப்சிக் நகரில் பிறந்த இசைமேதை ரிச்சர்ட் வாக்னர், 1849-ஆம் ஆண்டு டிரெஸ்டன் கிளர்ச்சியில் கலந்துகொண்டமையால் தாய்நாடு நீங்கிப் பல்லாண்டுகள் அலைந்தவர். ‘பார்சிபால்’ இசைநாடகத்தின் உரைப்பகுதியை 1877-இல் எழுதி முடித்தபோது, அதில் வரும் மந்திரவாதி கிளிங்சரின் மாயத்தோட்டத்தை அவர் மனத்தில் மட்டுமே கண்டிருந்தார்.

1880 மே 26 அன்று, இத்தாலியில் அமால்பிக் கடலை நோக்கி மலைமேல் அமைந்த ராவெல்லோவுக்குச் சென்றார். அங்குள்ள ருஃபோலோ மாளிகை பதின்மூன்றாம் நூற்றாண்டினது. பாழ்பட்டுக் கிடந்த அதனை 1851-இல் வாங்கிச் சீரமைத்துச் சோலையாக்கியவர் ஸ்காட்லாந்தியரான பிரான்சிஸ் நெவில் ரீட். அச்சோலையில் தம் கற்பனையே உருக்கொண்டு நிற்கக் கண்டார் வாக்னர். உடன்சென்ற ஓவியர் ஜுகோவ்ஸ்கி அதனை அரங்கக் காட்சியாகத் தீட்டினார்.

1882-இல் பைராய்ட்டில் நாடகம் அரங்கேறியது. மறு ஆண்டே வாக்னர் வெனிசில் மறைந்தார். மேடையில் அம்மாயத்தோட்டம் ஒவ்வொரு முறையும் அழிகின்றது. ரீட் பேணிய மண்ணிலோ, 1953-இல் வாக்னரின் நினைவாக இசைவிழா தொடங்கிற்று. கலைஞன் கண்ட கனவுக்கு நிலம் தந்தது, பேணுநர் ஒருவரின் பொறுமையே.